இரண்டாம் பாத்தியின் முதல் வருடம்

12 ஜனவரி 2024, பாராடாங், அந்தமான்
அடைக்கலசாமி அண்ணன் தோட்டத்தில் கத்தரி நட்டாயிற்று. காட்டு வழியே வரிசையாக வரும் கான்வாய் வண்டிகள் கடக்கும் படகுத்துறைச் சாலையோரம் இரண்டு பாத்தி. முதலாவதற்கு யூரியா. இரண்டாவதற்கு மட்கிய உரமும் இலை மூடாக்கும் மட்டும். மண் தேற மூன்று வருடம் பிடிக்கும். ஆனால் என் ஆராய்ச்சி மூன்று வருடம் நடக்குமா என்பதை மார்ச் மாத அறிக்கைதான் முடிவு செய்யுமாம். பொறுமையின் பலனை இரண்டு மாதத்தில் காட்ட வேண்டும். பேசாமல் மந்திரவாதம் படித்திருக்கலாம்.

2 பிப்ரவரி
இரண்டாம் பாத்தி சோகை பிடித்து நிற்கிறது. முதல் வருடம் அப்படித்தான் என்றேன். அண்ணன் காய்ச்சல்கார வீட்டுக்கு வந்தவர் மாதிரி செடிகளைப் பார்த்தார்.

23 பிப்ரவரி
அதிசயம். இரண்டாம் பாத்தி கருகருவென்று தழைத்து முதலாவதை முந்திவிட்டது. எங்கள் அலுவலகத் தலைவர் ஜெயராமன் சார் படத்தைப் பார்த்துவிட்டு, "சங்கவி, மெயின்லேண்டுக்கு உடனே அனுப்பும்மா, திட்டம் பாஸ்" என்றார். அலுவலகம் முழுக்க ஜிலேபி கொடுத்தேன்.

1 மார்ச்
மூடாக்கை விலக்கினேன். செடியடியில் வெள்ளை மணிகள். யூரியா.

அண்ணனைக் கேட்டேன். மறைக்கவே இல்லை மனிதர். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து ஒரு கை போடுவேன் மேடம். கான்வாய் வண்டில போறவன் எல்லாம் 'கிஸ்கா கேத்? யாரு தோட்டம்?'னு கேக்கான். உங்க பேரத்தான சொல்லணும்? வாடிக் கெடந்தா உங்களுக்கு அசிங்கம்லா."

என்ன சொல்லித் திட்டுவது? அவர் மனைவி ரோசலின் அக்கா மீன்குழம்பு வேறு ஊற்றினார். கோபத்தோடு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

3 மார்ச்
சொல்லாவிட்டால்தான் என்ன? எனக்கும் அண்ணனுக்கும் கத்தரிக்காய்க்கும் மட்டும்தானே தெரியும். ஆனா என் அறிக்கைய நம்பி நாலு பேர் யூரியாவ நிறுத்திட்டா? அவங்க செடி வாடுமே — அப்போ யாரு போய் முழிக்கிறது?

4 மார்ச்
சொல்லிவிட்டேன். சார் நெற்றியைத் தடவினார். "ஜிலேபி நல்லா இருந்துச்சும்மா" என்றார்.

19 ஏப்ரல்
ஒரே ஒரு வருடம் தந்திருக்கிறார்கள், முதலிலிருந்து. தோட்டத்தை மாற்றச் சொன்னார் சார். மாட்டேன் என்றேன். ஏன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. மீன்குழம்பாக இருக்கலாம்.

7 பிப்ரவரி 2025, பாராடாங்
இரண்டாம் பாத்தி மறுபடி சோகை. சாலைப் பக்கம் ரோசலின் அக்காவின் பழைய சேலைகளை வரிசையாகக் கட்டியிருக்கிறார் அண்ணன். கான்வாய்க்கு ஒன்றும் தெரியாது.

"எவனும் கேக்க முடியாதுல்லா மேடம். கேட்டா எனக்குக் கை துறுதுறுங்கும்."

மூடாக்கை விலக்கினேன். வெள்ளையாக எதுவும் இல்லை. ஒரு மண்புழு நெளிந்து உள்ளே போனது. காய் எடை முதலாவதில் பாதிதான். அப்படியே எழுதிக்கொண்டேன்.