கைக்கு அடங்கிய சுத்தியல்

காலையில் சுண்ணாம்பு நீற்றினேன். கொதித்து எழுந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. நீ கண்ணை மூடி ஒரு வருடமாகிறது. இன்னும் கோபம்தான் முதலில் வருகிறது, அழுகை அப்புறம்தான்.

அந்த மழைக்காலத்தை நினைத்துப் பார். என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை. ரயில் பட்டறைச் சம்பளத்தில் செகந்திராபாத்தில் அவர் கட்டிய வீட்டின் பின்சுவர் பாதி சரிந்துவிட்டது. வேலூரிலிருந்து வந்த அவருடைய அண்ணன் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது நிக்காதும்மா. தீபாவளிக்கு வாங்குற ஆளைக் கூட்டியாறேன். வித்துட்டு ஊரோட வந்துடு" என்றார். ஊரோடு போவதென்றால் நானும் என் இரண்டு பெண்களும் அவர் வீட்டு அடுப்படியில் காலம் தள்ளவேண்டியதுதான். கொத்தனாரைக் கூப்பிட்டேன். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் யாரிடம் பேசுவது என்று அவரும் போய்விட்டார்.

நானே செய்வதென்று என் வீட்டுக்காரருடைய பட்டறைச் சுத்தியலை எடுத்தேன். அவர் கை பட்டதாயிற்றே என்று ஒரு பாசம். ஓர் ஆணி இறங்குவதற்குள் நின்றிருந்த பாதியிலும் ஒரு துண்டு விழுந்தது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்தவள் நீ.

"அடிப்பாவி, இது இஞ்சினுக்குச் செஞ்சதுடி! இருக்கிற சுவரையும் நீயே இடிச்சுக் குடுத்துடாதே."

அன்றைக்கே அந்தக் கனத்த சாமான்களை மூட்டை கட்டி, கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று கடைத்தெருவுக்கு இழுத்துப் போனாய்.

"கைக்கு அம்மா? வீட்ல மர்த் நை க்யா?" என்று உருதுவில் கேட்டார் கடைக்காரர். இதெல்லாம் எதற்கு, வீட்டில் ஆண்பிள்ளை இல்லையா என்ற அந்தக் கேள்வியை நீ காதிலேயே வாங்கவில்லை. அவர் நீட்டிய பளபளப்பான சுத்தியலைப் பிடி வழுக்குகிறது, வேண்டாம் என்று அவர் பேச்சிலேயே "நக்கோ" சொன்னாய். ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்துத் தோளுக்கு மேல் தூக்கச் சொன்னாய். மணிக்கட்டு நடுங்கினால் திருப்பி வைத்தாய். "அழகெல்லாம் கடைக்காரருக்கு. உன் கை கேக்கிறதை எடு." ஆணி பிடுங்கவும் உதவும் சின்னச் சுத்தியல், சாந்து பூச வளையாத கரணை, ஒரு கைரம்பம், சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டு. அவ்வளவுதான் வாங்கினோம்.

தெரு சும்மா இருக்குமா? புருஷன் கை பிடித்த சாமானை விற்றுவிட்டாள் என்றார்கள். நீ வாசலில் நின்றே கேட்டாய்: "அவர் கைபிடிச்ச பொண்டாட்டி ஒழுகுற வீட்ல நிக்கிறாளே, அது யார் கண்ணுக்கும் தெரியலையா?"

மேலே நின்று நீ தூக்குக்குண்டின் கயிற்றைப் பிடிப்பாய், கீழே நான் பார்ப்பேன். "சுவர் உன்ன மாதிரியே வயிறு தள்ளுதுடி" என்று நீ சிரிக்க, பிரித்துப் பிரித்துக் கட்டினோம்.

தீபாவளிக்கு வாங்குகிற ஆளோடு வந்த அவருடைய அண்ணன் சுவரைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

"என் தம்பி சாமானெல்லாம் எங்கே?"

"அதோ நிக்குதே" என்று சுவரைக் காட்டினேன். பின்னால் நின்று நீ சிரித்தது அவருக்கும் கேட்டிருக்கும்.

நீ போனபிறகு கயிற்றைப் பிடிக்க ஆளில்லையே என்று நாள் முழுக்க அழுதேன். அதை மறைக்கமாட்டேன். இப்போது பெரியவள் பிடிக்கிறாள். போன வாரம் வேலூரிலிருந்து அவருடைய அண்ணன் மறுபடி சொல்லி அனுப்பினார்: "துணைக்கு இருந்தவளும் போயிட்டா. இனியாவது வந்துடும்மா." பின்பக்கம் இன்னோர் அறை எழுப்புகிறேன், அடுத்த முறை வந்தால் அதில் தங்கிக்கொள்ளலாம் என்று பதில் சொல்லி அனுப்பினேன்.

எனக்கு ஏது இந்த வாய்? நீ விட்டுவிட்டுப் போனதுதான்.