மனப்பாடக் கண்கள்

மார்ச் 3, செவ்வாய்

டிப்போ மருத்துவ அறைச் சுவரில் இருந்த கண் பரிசோதனை அட்டையை இன்று கழற்றிக்கொண்டு போனார்கள். ஆங்கில எழுத்து இருக்கிறதாம். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பதினேழு வருடமாக அதே ஆணியில் தொங்கியது. "எதிரி எழுத்து அட்டை, ஒன்று, ஒப்படைக்கப்பட்டது" என்று எழுதி என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார் மேலாளர்.

"இனிமே டிரைவருங்களுக்குக் கண்ணு எப்படிப் பாக்கறது?" என்று கேட்டேன்.

"டிரைவர் இல்லம்மா, ஓட்டுநர்" என்றார். என் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான்.

போர் தொடங்கி ஐந்து வாரம் ஆகிறது. ஆங்கிலம் பேசும் நாடுகள் எல்லாம் ஒரு பக்கம், மற்ற எல்லோரும் இன்னொரு பக்கம். ரேடியோவில் நம் பக்கத்துக்குப் பெயரே 'மற்றவர்கள்'. "நாம யாருக்கும்மா மத்தவங்க?" என்று மகள் கேட்டாள். எதற்காக இந்தப் போர் என்று மூன்று பேரிடம் விசாரித்ததில் நான்கு காரணம் கிடைத்தது.

மார்ச் 5, வியாழன்

என் வீட்டுக்காரர் இவருக்கு எல்லாமே விளையாட்டு. பேருந்தில் இனி 'பிரேக்' என்று சொல்லக் கூடாது, 'தடை' என்றுதான் சொல்ல வேண்டுமாம். "தடையப் போடுன்னு கத்தினா, எந்தத் தடைன்னு நான் யோசிக்கிறதுக்குள்ள முன்னாடி போறவன் பரலோகம் போயிருவான்" என்று சாப்பிடும்போது சொன்னார். மகளுக்குப் புரையேறிவிட்டது. இருபத்திரண்டு வருடமாக பஸ் ஓட்டும் மனிதர், ஒரு கீறல்கூட விழவிடாதவர். அந்தத் தெம்பில் பேசுகிறார்.

மார்ச் 9, திங்கள்

வீடு வீடாகப் படிவம் வந்தது. 'ஆங்கிலம் தெரியுமா?' என்று ஒரு கட்டம். தெரியாது என்று எழுதினேன். நான் கண் பரிசோதனை படித்த இரண்டு வருடமும் புத்தகம் முழுக்க ஆங்கிலம்தான், விடுதி அறைத் தோழியும் வெளிநாட்டுக்காரி. ஆனாலும் தெரியாது. பள்ளியில் ஆங்கிலப் பாடம் நடத்திய பக்கத்து வீட்டு அம்மாவும் அதையேதான் எழுதினாராம். தெரிந்தவர்களை எல்லைக்குக் கொண்டுபோய், எதிரியின் பேச்சை ஒட்டுக்கேட்க உட்கார வைக்கிறார்கள் என்று அரசல் புரசலாகக் கேள்வி. தெரியாது என்று பொய் சொல்லி மாட்டினால் அதற்கு வேறு வழக்கு.

இன்னொரு செய்தியும் வந்தது. ஐம்பது வயதுக்கு உட்பட்ட ஓட்டுநர்கள் எல்லோரையும் ராணுவ லாரிக்கு எடுக்கப் போகிறார்கள். இவருக்கு நாற்பத்தாறு.

மார்ச் 12, வியாழன்

புதுப் பரிசோதனைப் பெட்டி வந்துவிட்டது. கூட்டணி நாடு ஒன்று அனுப்பியது. உள்ளே விளக்கு எரியும். ஒவ்வொரு வரியும் தனித்தனி பிளாஸ்டிக் பட்டை. எழுத்தே கிடையாது. வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வாய் திறந்திருக்கும். அது மேலேயா, கீழேயா, இடதா, வலதா என்று சொன்னால் போதும். எந்த மொழிக்காரனும் சொல்லலாம். நல்ல யோசனை என்று நினைத்துவிட்டு, அப்படி நினைப்பது தேசபக்தியா, வெறும் தொழில் புத்தியா என்று குழம்பினேன்.

பெட்டியைக் கொண்டுவந்த மூன்று நாட்டு அதிகாரிகளும் மேலாளர் அறையில் ஒரு மணி நேரம் ஊமைகள் மாதிரி நின்றார்களாம். பிறகு கழிப்பறைப் பக்கம் போய் மூவரும் கிசுகிசுவென்று ஆங்கிலத்தில் பேசி முடிவெடுத்தார்களாம். வாட்ச்மேன் சத்தியம் செய்கிறார். மற்றவர்களுக்கு வேறு பொதுமொழி இல்லையே, என்ன செய்வார்கள்?

மார்ச் 16, திங்கள்

ஒழுங்காக எழுத வேண்டும்.

மதிய இடைவேளையில் இவர் டிப்போவுக்குள் வந்தார். புதுப் பெட்டியைப் பழகலாம் என்று இவரையே உட்கார வைத்தேன். முதல் பட்டை சொன்னார். இரண்டாவது சொன்னார். மூன்றாவதில் நின்றுவிட்டார்.

"விளக்கு மங்கலா இருக்கு" என்றார். விளக்கு மங்கல் இல்லை. "நாற்காலி தள்ளி இருக்கு." இல்லை. நான்காவது பட்டையைச் செருகினேன். தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் தேடினார். எட்டுப் பட்டை இருக்கிறது, நான்காவதிலேயே இப்படி. பிறகு எழுந்து, "டீ ஆறுது" என்று போய்விட்டார். டீயே வாங்கவில்லை.

போன வருடம் பழைய அட்டையைக் கடைசி வரி வரை கடகடவென்று ஒப்பித்தார். நான் குச்சியை வைப்பதற்கு முன்பே. ஐயோ, முன்பே!

மார்ச் 17, செவ்வாய்

எனக்குத் தெரியுமா, தெரியாதா? செய்தித்தாளை நீட்டினால் "நீயே படிச்சுச் சொல்லு" என்பார். சோம்பேறி என்று திட்டினேன். வருகிற பஸ்ஸின் நம்பரை என்றைக்காவது படித்திருக்கிறாரா? தெரிந்துதான் தெரியாத மாதிரி இருந்தேனா? தெரியவில்லை.

மார்ச் 18, புதன்

கேட்டுவிட்டேன். மகள் பள்ளிக்குப் போன பிறகு, செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவரை நிறுத்திக் கேட்டேன்.

"ஆறு வருஷமா இருக்கும்" என்றார். "நேராப் பாத்தா நடுவுல ஒரு அழுக்கு மாதிரி. சுத்தி எல்லாம் தெரியுது. ரோடு தெரியுது, ஆள் தெரியுது. எழுத்துதான் தெரியாது. அந்த ரோட்டுக்கு எதுக்கு எழுத்து?"

"ஆறு வருஷம் ஜனங்கள ஏத்திக்கிட்டு…"

"ஏதாவது ஆச்சா?"

"ஆகியிருந்தா?"

எனக்குக் கோபம் வந்த அளவுக்குப் பயமும் வந்தது. ஆறு வருடமும் 'முழுப் பார்வை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். டிப்போவில் கண் பார்க்க நான் ஒருத்திதான். சொந்தப் புருஷனைச் சோதிக்கக் கூடாது என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

இப்போது உண்மையை எழுதலாம் என்றால், புது உத்தரவு குறுக்கே நிற்கிறது: ஒரே வருடத்தில் பார்வை இரண்டு வரிக்கு மேல் குறைந்ததாகக் காட்டினால் அது போர்க்கடமைத் தவிர்ப்பு. முதல் முறையாக உண்மை எழுதப் போகிறேன், அது அச்சு அசலாகப் பொய் மாதிரி இருக்கும். பொய்யை எழுதினால் முன்பின் தெரியாத சாலையில் இருபது சிப்பாய்களோடு லாரியை ஓட்டுவார். எதைச் செய்ய? யாரைக் கேட்க?

"என்னைக் குருடன்னு எழுதப் போறியா?" என்றார். "நான் லாரிக்கே போறேன். அந்தப் பேரோட வீட்ல உக்கார மாட்டேன்."

மார்ச் 21, சனி

துணி மடித்து வைக்க அலமாரியைத் திறந்தால், கதவின் உள்பக்கம் முழுக்க வட்டங்கள். கறுப்பு மையில், பெரிய பெரியதாக. மகள் கையெழுத்து வட்டங்கள்.

"அப்பாதாம்மா வரையச் சொன்னாரு. உன் பையில இருந்த தாளைக் குடுத்தாரு. ஏதோ விளையாட்டுன்னாரு" என்றாள். பெட்டியோடு வந்த பட்டைகளின் நகல் அது.

எட்டு வரியையும் கரைத்துக் குடித்துவிட்டார். மத்தியானம் சாப்பிடும்போது இடது கை விரல் தட்டுக்குப் பக்கத்தில் தானாக அசைந்தது: மேலே, வலது, கீழே, கீழே. கள்ளன்! சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. செவ்வாய்க்கிழமை பரிசோதனை. பாஸ் ஆகிவிடுவார். பாஸ் ஆனால் போய்விடுவார். போனால் வர மாட்டார்.

மார்ச் 24, செவ்வாய்

என்ன காரியம் செய்தேன்.

காலையில் எல்லோருக்கும் முன்னால் போய்ப் பெட்டியைத் தயார் செய்தேன். இவர் முறை வந்ததும் கடைசி ஐந்து பட்டைகளையும் பின்பக்கம் முன்னால் வரும்படி, மேல்விளிம்பு கீழாகப் புரட்டிச் செருகினேன். பிளாஸ்டிக்தானே, இரு பக்கமும் ஒன்று போலத் தெரியும். வரிசை மாறாது, மேலே திறந்த வாய் மட்டும் கீழே போய்விடும், கீழே திறந்தது மேலே. இவர் மனப்பாடம் செய்ததைத் தப்பும் தவறுமாகச் சொல்வார், தோற்றுப் போவார், தோற்றால் வீட்டில் இருப்பார். அவ்வளவுதான் யோசித்தேன். இரண்டு வரி உத்தரவு எங்கே போயிற்று என் மண்டையிலிருந்து?

பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து கணீரென்று ஒப்பித்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற மேலாளர் முதலில் புருவத்தைச் சுருக்கினார், பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"எட்டாவது பட்டை வரைக்கும் இடது, வலது ஒண்ணு தப்பல. மேலேங்கிறதை மட்டும் கீழேங்கிறாரு, கீழேங்கிறதை மேலேங்கிறாரு. இது என்ன வியாதிம்மா? இவ்வளவு பொடிசா இருக்கிறது பளிச்னு தெரிஞ்சாத்தான் இவ்வளவு சரியாத் தப்பாச் சொல்ல முடியும்!"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மேலாளர் படிவத்தில் 'நடிப்பு' என்று எழுதினார். வெள்ளிக்கிழமை கூட்டணி மருத்துவர் வந்து முத்திரை குத்தினால் முடிந்தது. தவிர்ப்பு வழக்கில் சிக்கிய ஓட்டுநர்களைக் கண்ணிவெடி இருக்கும் பாதையில் முதல் வண்டிக்குத்தான் போடுகிறார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. பட்டைகளைத் திரும்பச் சரியாகச் செருகிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

மார்ச் 26, வியாழன்

"நீ தலைகீழா வரைஞ்சு குடுத்திருக்க!" என்று மகளைப் பிடித்துக் கத்தினார். அவள் பாவம், வட்டங்களையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு அழுதாள். அதற்கு மேல் தாங்கவில்லை. நான்தான் பட்டையைப் புரட்டினேன் என்று சொல்லிவிட்டேன்.

வெகுநேரம் என் முகத்துக்குப் பக்கத்தில், காதுப் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. எத்தனை வருடமாக இப்படிப் பார்க்கிறார்?

"நேரா என்கிட்ட ஒரு வார்த்தை போகாதன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

சொல்லியிருக்கலாம்.

மார்ச் 27, வெள்ளி

மருத்துவர் எந்த நாடு என்று இன்னும் தெரியாது. ஒல்லியான மனிதர், கண்ணுக்குக் கீழே கருவளையம். அவரோடு வந்த மொழிபெயர்ப்பாளரிடம் நூறு வாக்கியங்கள் உள்ள ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. நூறில் ஒன்றும் எனக்கு உதவவில்லை. "இவருக்குக் கண் நிஜமாவே தெரியாது, நான்தான் பட்டையைப் புரட்டினேன்" என்றேன். அவர் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் ஏதோ சொன்னார். மருத்துவர் எனக்கு வணக்கம் வைத்தார்.

ஒருவருக்கு அரை நிமிடம் கூட இல்லை. படிவம், முத்திரை, அடுத்தவர். இவருடைய படிவத்தை எடுத்தார். முத்திரையை மையில் அழுத்தினார்.

நான் ஆங்கிலத்தில் பேசினேன்.

பதினேழு வருடத்துக்குப் பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படி, தட்டுத் தடுமாறாமல் வந்தது, அதுதான் ஆச்சரியம். என் கணவர் பழைய அட்டையை மனப்பாடம் செய்தவர், புதியதையும் மனப்பாடம் செய்தார். பட்டையைப் புரட்டியது நான். ஆறு வருடம் தப்பான சான்றிதழ் எழுதியதும் நான். என்னிடம் ஒரு பெட்டிதான் இருக்கிறது, கண்ணுக்குள் பார்க்கும் கருவி உங்களிடம் இருக்கிறது, தயவுசெய்து ஒரு முறை உள்ளே பாருங்கள்.

மேலாளர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். மருத்துவர் முத்திரையைக் கீழே வைத்துவிட்டு, வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, மெதுவாக அதே மொழியில் கேட்டார்: எந்தக் கண்?

இரண்டும், என்றேன்.

சொட்டு மருந்து விட்டு அரை மணி நேரம் காக்க வைத்துப் பார்த்தார். இரண்டு விழித்திரையிலும் நடுவில் தழும்பு, பழையது, நடிக்க முடியாதது. இதை அவர் என்னிடம் சொன்னார், நான் நம் மொழியில் மேலாளரிடம் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் இவர் கேட்டார், "அவர்கிட்ட என்னடி சொன்ன?"

"உங்க கண்ணப் பத்திச் சொன்னேன்."

"அவ்வளவு நேரமா?"

ஏப்ரல் 2, வியாழன்

'தகுதியற்றவர்.' தாள் வந்துவிட்டது. லாரியும் இல்லை, பஸ்ஸும் இல்லை. டயர் கழுவும் கொட்டகையில் வேலை கொடுத்திருக்கிறார்கள். சாவியை ஒப்படைத்துவிட்டு வந்து, நெடுநேரம் குழாயடியில் கை கழுவிக்கொண்டே இருந்தார். நான் செய்தது சரியா? உயிரோடு இருக்கிறார். சரியாகத்தான் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 8, புதன்

என் பெயருக்கு உறை. சான்றிதழ் விஷயத்தில் வழக்கு வரும் என்று தயாராக இருந்தேன்; ஆங்கிலம் தெரியாது என்று எழுதியதற்கும் சேர்த்து. வழக்கு இல்லை. இரண்டையும் தள்ளுபடி செய்துவிட்டார்கள், பதிலுக்கு எல்லையில் ஒட்டுக்கேட்கும் நிலையம். எவ்வளவு காலம் என்று போடவில்லை.

மகளுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

வண்டியில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து குதிக்கிறது.

பஸ் நிறுத்தத்துக்கு மூவரும் வந்தோம். நல்ல கூட்டம். இவர் டிப்போ ஆட்களே நாலைந்து பேர் நின்றார்கள். மகள் என் பையைக் கொடுக்கவே மாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் ஒரு பஸ் திரும்பியது. இவர் என் தோளில் கை வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "எனக்குத் தெரியல, அது எந்த பஸ்ஸுன்னு பாத்துச் சொல்லுடி" என்றார்.

என் பஸ்தான். பார்த்தேன். இது இல்லை, அடுத்தது என்று சொன்னேன். அதைப் போக விட்டோம்.