வருஷம் திரும்பும் முன் பார்த்த படம்

ஞாயிறு, இரவு

அப்புக்குட்டி, இன்று நான் சினிமாவுக்குப் போய் வந்தேன். நீ எங்களை விட்டுப் போய் ஏழு மாதம்தான் ஆகிறது. சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பாமல் தியேட்டருக்குப் போகக் கூடாது என்று எனக்கும் தெரியும். உன் கூட்டாளி சலீம்தான் பூந்தமல்லியிலிருந்து வண்டியில் வந்து நின்றான். நீ நாள் எண்ணிக் காத்திருந்த முகமூடிக்காரன் படம் வந்துவிட்டதாம்.

கிளம்பும்போது உன் அத்தை, "இன்னா அண்ணி, அதுக்குள்ள சினிமா கேக்குதா?" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் சலீம், "அவன் பாக்காம போன படம் அத்தே. அம்மா பாத்துட்டு வந்து அவன் போட்டோகிட்ட கதை சொல்லும். நீயும் வர்றியா?" என்று கேட்டான்.

படம் முழுக்க இருட்டு, மழை. நீ வீட்டில் இந்த மாதிரிப் படம் போட்டால், "இந்த இருட்டுல இன்னாடா பாக்குற?" என்று உன்னை எத்தனை முறை ஏசியிருக்கிறேன். ஏசியது தப்பு. அந்த முகமூடிக்காரன் தன் தம்பியைக் காப்பாற்ற முடியாமல் போனவன். ஆனாலும் வீட்டிலேயே முடங்கிவிடவில்லை. யார் பெற்ற பிள்ளையோ பாலத்தில் தொங்கியபோது பாய்ந்து பிடித்தான் பார், நான் எழுந்து நின்று கை தட்டினேன்.

"உக்காரும்மா, மறைக்குது!" என்று பின்னால் ஒருவர் கத்தினார்.

"மறைக்கட்டும் நைனா, அது ஹீரோவோட அம்மா" என்றான் சலீம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தேன். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

நீ இல்லாமல் நான் சிரித்ததில் உனக்கு வருத்தம் ஒன்றும் இல்லையே, கண்ணு?