முகம் கழுவ நிறுத்திய இடம்

மல்லிகையும் டீசலும் கலந்த வாசம் போன வாரம் மறுபடி மூக்கில் ஏறியது, மாப்பிள்ளை. உடனே அந்த வருஷம் நினைவுக்கு வந்துவிட்டது. கிணறெல்லாம் வற்றி, நம் ஊருக்கு ஆழ்துளைக் கிணறு போடும் முதல் ரிக் வண்டி வந்து, தண்ணீருக்குப் பதில் புழுதியைக் கக்கிவிட்டுப் போன வருஷம். நீ கல்யாண வேன் வாங்கியதும் அப்போதுதான். கைநாட்டுக்காரன் கடுதாசி எழுதுகிறானே என்று சிரிக்காதே. நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள்.

நீ ஓட்டுவாய். சீர்ச்சாமான்களோடு நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன். எந்த ஊருக்குப் பெண்ணைக் கொண்டுபோனாலும் சேந்தமங்கலம் ரோட்டு ஓடைப் பாலத்தில் நிறுத்துவாய். "எறங்கி மூஞ்சி கழுவிக்க சாமி. அழுத மூஞ்சியோட அந்த ஊட்டுக்குள்ள போகாதே" என்பாய். அந்தப் பஞ்சத்திலும் வேனில் ஒரு குடம் தண்ணீர் இருக்கும். செம்பில் மொண்டு ஊற்றுவது என் வேலை. ஊற்றிய ஒவ்வொரு முகமும், அவள் போய்ச் சேர்ந்த வீடும் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

இருபது வருஷம் ஓட்டினோம். பிறகு ஒருநாள் அதே பாலத்தடியில், ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லுக்கு வேலைக்குப் போன ஒருத்தி வெட்டுப்பட்டுக் கிடந்தாள். நீ அங்கே நிறுத்துவது ஊருக்கே தெரியும். போலீஸ் உன்னை இரண்டு முறை கூட்டிப்போய், சாட்சி இல்லையென்று விட்டுவிட்டது. ஊர் விடவில்லை. அதற்குப் பிறகு ஒருவர்கூட உன் வேனில் பெண்ணை ஏற்றவில்லை. "நீயாச்சும் நம்பறயா?" என்று என்னிடம் கேட்டாய். "தண்ணி ஊத்துனவன் நானப்பா" என்றேன். அதற்குமேல் நாம் அதைப் பேசவில்லை. நீ அந்தப் பழியோடே போய்ச் சேர்ந்தாய்.

போன வருஷம் ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வந்தார். செத்தவள் சேலையில் வெட்டியவனின் ரத்தமும் ஒட்டியிருந்ததாம். உன் மகளின் எச்சிலைப் பஞ்சில் தொட்டெடுத்து அதோடு வைத்துப் பார்த்தார்கள். சேரவில்லை. வேறொரு வழக்கில் ரத்தம் கொடுத்திருந்த எடப்பாடிக்காரன் ஒருவனோடு மட்டும் கொஞ்சம் சேர்ந்ததாம். வெட்டியவன் அவனுக்குத் தூரத்துச் சொந்தமாக இருக்க வேண்டும் என்றார். எடப்பாடிக்காரனின் பாட்டன் நம் மேலத்தெருவிலிருந்து பிழைக்கப் போனவன். அந்த வம்சம் முழுவதையும் எழுதி வாங்கி, ஒவ்வொருவராகப் பார்த்தும் ஆள் கிடைக்கவில்லை. அதனால்தான் என்னிடம் வந்திருந்தார்.

எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். எல்லாம் ஆண்களின் பெயர்.

"ஏனுங்க அம்மணி, பொண்ணுங்க எங்கீங்க?"

"கட்டிக் குடுத்தவங்க வேற குடும்பம்னு சொல்லிட்டாங்க ஐயா."

"ஊடுதானுங்க வேற. ரத்தமுமா வேற?"

அந்த மேலத்தெரு வம்சத்தில் பிறந்து நம் வேனில் போன பெண்களை ஒவ்வொருத்தியாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அடுத்தது ஆத்தூர்ப் பக்கம் கொடுத்தவள். முதல் வருஷத்தில் போனவள். கழுவக் கழுவ அழுது, மூன்று செம்புத் தண்ணீரைத் தீர்த்தவள். அவள் மகன் பின்னாளில் இங்கே சேகோ மில்லில் வேலை பார்த்தான். தாயும் இப்போது இல்லை, மகனும் இல்லை. ஆனாலும் நான் தண்ணீர் ஊற்றிய முகமல்லவா? சொல்லாமல் விட்டுவிடலாமா என்றிருந்தது. நீ என்னிடம் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. சொல்லிவிட்டேன். அவன் பிள்ளையின் எச்சில் அந்த ரத்தத்தோடு சேர்ந்துவிட்டது.

வெட்டியது நீ இல்லை என்று இன்ஸ்பெக்டர் கோயில் வாசலில் ஊரைக் கூட்டிச் சொன்னார். போன வாரம் நம் தெருவில் ஒரு கல்யாணம். பெண்ணின் தாய் உன் வீடு தேடிப் போய், பெண் வேனில் கூட வரச்சொல்லிக் கூப்பிட்டாள். தாலியில்லாதவள் எப்படி ஏறுவது என்று உன் பெண்டாட்டி தயங்கினாள். மணப்பெண்ணே கையைப் பிடித்து ஏற்றினாள்.

பாலத்தில் நிறுத்தச் சொன்னேன். பழையபடி செம்பில் மொண்டு நானே ஊற்றப் போனேன். "செம்ப இங்க குடுங்கண்ணா, பாதித் தண்ணி உங்க வேட்டிக்குத்தான் போகுது" என்று வாங்கி, உன் பெண்டாட்டியே ஊற்றினாள். பெண் சிரித்துவிட்டது.

கல்யாண மாப்பிள்ளையே டிரைவராக, நீ அந்தப் பாலத்தில் முதன்முதலாக வேனை நிறுத்தியது யாருக்காக என்று உனக்குத் தெரியும். முதல் வருஷம் நான் தண்ணீர் ஊற்றிய முகங்களில் இன்றைக்கு மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான். உன் பாவாயி.