ஒயின்ஷாப்புக்கு வழி சொல்லாத உன் அப்பா

அன்புள்ள செந்தமிழனுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவின் மானம் தவிர மற்ற எல்லோரும் சௌக்கியம். நீயும் அந்த ஊர்க் குளிரில் ஸ்வெட்டரை மறக்காமல் போட்டுக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் கடிதம்.

எல்லாம் உன் கேள்வியால் வந்தது. இணையத்தில் யார் எந்தத் தளத்தின் பெயரைக் கேட்டாலும் அதன் விலாசத்தைச் சொல்லுகிற கம்ப்யூட்டரை உங்கள் ஆபீஸ் ஊருக்கெல்லாம் பொதுவாக நடத்துகிறது, கெட்ட தளத்தைக் கேட்டால் சொல்லாமல் தடுக்கலாமா, மீட்டிங்கில் என்ன பேசட்டும் என்று கேட்டாயே. கெட்ட எடத்துக்கு வழி கேட்டா சொல்லக் கூடாதுப்பா, அவ்வளவுதான் என்று போனை வைத்த உன் அப்பா, மறுநாளே அதைத் தெருமுனையில் அமல்படுத்திவிட்டார். ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர் என்பதால் ஜெகபர் அலி டீக்கடை பெஞ்சில் இருக்கும் அவரிடம்தானே எல்லோரும் வழி கேட்கிறார்கள். முதலில் ஒயின்ஷாப்புக்கு வழி சொல்வதை நிறுத்தினார். அப்புறம் சீட்டாடுகிற கிளப். அதற்கப்புறம் பரோட்டாக் கடை, மைதா உடம்புக்கு ஆகாதாம். கடைசியில், இரண்டாவது தடவை சட்னி கேட்டால் முறைக்கிற ஓட்டலுக்கும் வழி கிடையாது என்று ஆகிவிட்டது.

இந்த லட்சணத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை தொட்டியத்திலிருந்து உன் தங்கையைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் அன்புச்செல்வன், வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறான். போட்டோ பார்த்ததிலிருந்தே இளவேனிலுக்குப் பிடித்துவிட்டது, ஏற்கெனவே வந்த இடங்கள் தட்டிப்போனதில் இதுவாவது அமைய வேண்டுமே என்று எனக்குத் தூக்கமே இல்லை. உன் அப்பா நம் விலாசத்தை எப்போதும் பிள்ளையார் கோயில் அருகில் என்றுதான் எழுதுவார், அதை வைத்துக் கூரியர்காரன்கூட வந்து சேர்ந்ததில்லை. அதனால் நான் பையனுடைய அம்மாவிடம், ஒயின்ஷாப் எங்கன்னு கேளுங்க, அதுக்கு எதிர்ச் சந்துதான் நம்ம வீடு என்று உள்ளதைச் சொன்னேன். எதற்கும் இருக்கட்டும் என்று உன் அப்பாவையும் முனையில் நிற்க அனுப்பினேன், சொன்ன அடையாளத்தை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. கார் வந்திருக்கிறது. பையனின் மாமா கண்ணாடியை இறக்கி, ஐயா, ஒயின்ஷாப் எங்கங்க இருக்கு என்று கேட்டிருக்கிறார். பட்டுப்புடவை கட்டின பெண்களை வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா என்று உன் அப்பாவுக்கு ஆத்திரம். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். நேரா ஸ்ரீரங்கம் போங்க, உத்திர வீதியில இருக்கு என்று கையைக் காட்டிவிட்டார், பெருமாளைப் பார்த்தாவது புத்தி வரட்டும் என்று. அவர்களும் நம்பிப் போய், பூக்கட்டுகிற அம்மாளிடம் ஒயின்ஷாப் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். இங்கே கேசரி இறுகிவிட்டது, இளவேனில் அழ ஆரம்பித்துவிட்டாள். உன் அப்பா, இன்னும் வரலை, காலம் கெட்டுக் கெடக்கு, ஒரு குடும்பமே ஒயின்ஷாப்பைத் தேடிக்கிட்டு வருது என்றபடி உள்ளே நுழைந்தார். அது யார் குடும்பம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

போன் போட்டுத் திரும்ப வரவழைத்தோம். வாசலில் உன் அப்பாவைப் பார்த்ததும் மாமா மறுபடி காரில் ஏறப் போனார். இளவேனில்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, கண்டக்டரா இருந்தப்பகூட எங்கப்பா யாரையும் மாத்தி எறக்கிவிட்டதில்லைங்க, இதுதான் மொத தடவை என்றாள். பையன் சிரித்துவிட்டான். அவனுடைய அம்மா, எங்க பையனுக்கும் குடிப் பழக்கம் இல்லீங்க, சம்பந்திக்கு ஏத்த எடம்தான் என்று இறுகின கேசரியை வாங்கிக்கொண்டார். தையில் கல்யாணம்.

அதனால் மீட்டிங்கில் இதைச் சொல். ஏமாற்றுத் தளம் என்று நிச்சயமாகத் தெரிந்தால் தடுங்கள், அதுவும் தடுத்துக் கொடு என்று கேட்டவர்களுக்கு. யார் எதற்காகக் கேட்கிறார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும். சொல்ல மாட்டோம் என்றால் அதையாவது நேராகச் சொல்லுங்கள், ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பாதீர்கள். சட்னி ஓட்டலும் பட்டியலில் ஏறாமல் பார்த்துக்கொள்.

கல்யாணத்துக்கு இப்போதே லீவு சொல்லிவை. சமயபுரத்தாள் உனக்குத் துணை இருப்பாள், தீர்க்காயுசாக இரு. கீழே விலாசத்தை உன் அப்பா கைப்பட எழுத வேண்டும், எழுதினால்தான் சாப்பாடு என்று இளவேனில் தட்டை ஒளித்துவைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அம்மா பிரேமலதா

வெள்ளைச்சாமி இல்லம்,
ஒயின்ஷாப்புக்கு எதிர்ச் சந்து (நாங்கள் அந்தப் பக்கம் போவதில்லை),
எடமலைப்பட்டி புதூர், திருச்சி.