அக்கா படத்துக்குப் புது மாலை

டிசம்பர் 7, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். மல்லாட்டைக் கடலை மூட்டைகளை உள்ளே இழுத்துப் போட்டதில் கை முழுக்க மண். இந்த மூட்டை அறையில்தான் இப்போது படுக்கை. அக்காவும் நானும் படுத்த அறையைப் பூட்டிவிட்டார்கள்.

எழுதுவது அரசியல் அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில். இந்த வீட்டில் யாரும் இதைத் திறக்க மாட்டார்கள்.

சத்யா அக்கா போய் இருபத்தாறு நாள். திண்டிவனத்தில் இருக்கிறாள். மெடிக்கல் ஷாப்பில் வேலை. உயிரோடு.

இதை எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. ஊருக்குள் திரும்பும் ரோட்டில் அந்த பேனர் இன்னும் இருக்கிறது. கண்ணீர் அஞ்சலி. அவளுடைய காலேஜ் போட்டோ. தோற்றம்: பிறந்த தேதி. மறைவு: காலனிப் பையனோடு அவள் பதிவுத் திருமணம் செய்த தேதி. கீழே, வருந்தும் குடும்பத்தாரில் கடைசியாக என் பெயர். என்னைக் கேட்கவில்லை. மழைத் தண்ணீர் அவள் முகத்தில் இறங்கிக்கொண்டே இருக்கிறது.

பதினாறாம் நாள் காரியமும் செய்தாகிவிட்டது. வடை நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கூடத்தில் படம், மாலை. சித்தப்பா அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தார். அக்கா பார்த்திருப்பாள்.

டிசம்பர் 8, திங்கள்

பள்ளிக்கு அரை நாள் லீவு. கோலியனூர் இ-சேவை மையத்துக்கு அப்பாவோடு. படிவம் நிரப்ப நான்.

"ரேஷன் கார்டுல ஒரு பேரு எடுக்கணும்மா."

கம்ப்யூட்டரில் இருந்த பெண் நிமிரவில்லை. "கல்யாணம் ஆயிட்டுதுன்னா மேரேஜ் சர்டிபிகேட் வேணுங்க. தவறிட்டாங்கன்னா டெத் சர்டிபிகேட். எதுங்க?"

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"ரெண்டாவதுதான்."

"கொண்டாந்துக்கிறீங்களா?"

"இல்ல. கொண்டாறேன்."

திரும்பும்போது எனக்கு போண்டா வாங்கித் தந்தார். பஸ்ஸில் ஜன்னல் சீட்டும் எனக்கே. பாதி போண்டா இன்னும் பையில்.

டிசம்பர் 9, செவ்வாய்

மேகம். மழை இல்லை.

நாளை மனித உரிமை நாள். பிரேயரில் உறுதிமொழி நான் வாசிக்க வேண்டும். "உன் குரல்தான் கடைசி வரிசை வரிக்கும் கேக்குது" என்றார் அரசியல் அறிவியல் மிஸ்.

இன்றைய பாடம், அரசியலமைப்புச் சட்டத்தின் 21வது பிரிவு. சட்டம் சொல்லும் வழியில் அல்லாமல் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது. அவ்வளவுதான், ஒரே வரி. அந்த வரியை இன்று வரை யாரும் நீட்டவில்லையாம். ஆனால் ஒவ்வொருவராகக் கோர்ட்டுக்குப் போய், இதுவும் அதில் வருமா என்று கேட்கக் கேட்க உள்ளே இடம் பெருகிக்கொண்டே போனதாம். பிழைப்பு. அந்தரங்கம். விரும்பியவரைக் கட்டிக்கொள்வது.

எழுந்து கேட்டுவிட்டேன். "கேட்டவங்க எல்லாரும் உயிரோட இருந்தாங்களா மிஸ்?"

வகுப்பில் சிரிப்பு. மிஸ் சிரிக்கவில்லை.

"சில பேரு இருந்தாங்க. சில பேருக்காக அவங்க வீட்டுக்காரங்க போய்க் கேட்டாங்க." அப்புறம் போர்டைத் துடைத்துக்கொண்டே, "சாதிக்காகக் கொல்றதுக்குன்னு தனிச் சட்டம் வேணும்னு இன்னும் கேட்டுக்கினுதான் இருக்காங்க."

அக்காவுக்காகப் போய்க் கேட்க வேண்டிய வீட்டுக்காரர்கள் நாங்கள்.

டிசம்பர் 10, புதன்

உறுதிமொழி வாசித்தேன். தடுமாறவில்லை. நான் ஒரு வரி சொல்ல, மைதானம் முழுவதும் அதே வரியைத் திருப்பிச் சொன்னது. 

சாயங்காலம் சித்தப்பா வந்தார். எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். இந்த வீட்டில் இப்படி மெதுவாக யாரும் பேசியதில்லை.

"பாப்பா, அக்காவ வரச் சொல்லலாம்னு இருக்கோம்" என்றார் அப்பா. "எவ்ளோ நாளைக்குத்தான் வெறுத்துக்கினு இருக்கறது."

சித்தப்பா: "நாங்க கூப்பிட்டா வர மாட்டா. உன் கொரலக் கேட்டா வருவா. ஞாயித்துக்கெழம. தனியா வரச் சொல்லு, ஊரு வாய்க்குப் பயந்துதான்."

"போலீஸ் ஸ்டேஷன்ல நான்தான் எழுதிக் குடுத்துட்டேனே, ஒண்ணும் பண்ண மாட்டோம்னு" என்றார் அப்பா. "அப்புறம் என்னா பயம்?"

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒரு நிமிடம். அக்காவோடு மாமாவும் வருவாரா என்று கேட்க நினைத்தேன். (மாமா. எழுதிப் பார்த்தேன். முதல் தடவை.) கேட்கவில்லை.

டிசம்பர் 11, வியாழன்

கணக்கு டெஸ்ட், மோசம். பேனர் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. மாலை திரும்பி வரும்போது யாரோ இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

டிசம்பர் 12, வெள்ளி

காலை அம்மா தலைக்குக் குளித்து, அக்கா படத்துக்குப் புது மாலை போட்டாள். ஊதுவத்தி. ஞாயிற்றுக்கிழமை வரப் போகிறவளுக்கு.

"எதுக்கும்மா?"

"வெள்ளிக்கெழமன்னா போட்டுக்கினு வர்றதுதானே" என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அப்பாவின் போன். ஸ்பீக்கர். ஒரு பக்கம் அப்பா, இன்னொரு பக்கம் சித்தப்பா.

"பாப்பா? நீயாடி? என்னா சாப்ட்ட?"

"கேப்பக் கூழு."

அக்கா சிரித்தாள். ஒரு மாதமாகக் கேட்காத சிரிப்பு. சொல்லிக் கொடுத்தபடி எல்லாம் சொன்னேன். ஞாயிறு. தனியாக. அப்பா மனசு மாறிட்டாரு. என் குரல் நன்றாகவே இருந்தது, உறுதிமொழி மாதிரி.

அக்கா எல்லாம் கேட்டுக்கொண்டாள். பிறகு, "என் படத்துல மாலையக் கழட்டியாச்சாடி?"

சித்தப்பா தலையை ஆட்டினார், ஆமாம் என்று சொல்லச் சொல்லி.

"இல்லக்கா. காலைலதான் புதுசு போட்டாங்க."

"சரி" என்றாள். மெதுவாக, "நீ பத்தரம்." வைத்துவிட்டாள்.

யாரும் அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. அம்மா எனக்குத் தட்டு வைத்தாள். எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

டிசம்பர் 13, சனி

நல்ல வெயில். அக்கா வரமாட்டாள். திரும்பக் கூப்பிட்டால் அந்த நம்பர் அணைந்திருக்கிறது.

காலை, அப்பா மிகவும் அன்பாக: "பாப்பா, ஸ்கூல்ல எடுத்த போட்டோ ஒண்ணு இருந்துதே, நல்லா சிரிச்சிக்கினு?"

"எதுக்குப்பா?"

"இருக்கட்டும்."

மத்தியானம் சுத்தியல் சத்தம். போய்ப் பார்த்தேன். அக்கா படத்துக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், ஒரு புது ஆணி.

"காலண்டருக்குடி" என்றாள் அம்மா.

காலண்டர் சமையலறையில், அதன் ஆணியில்தான் இருக்கிறது. இப்போதும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

மிஸ்ஸிடம் கேட்க வேண்டும். வீட்டுக்காரர்கள் இல்லாமல், உயிரோடு இருக்கும்போதே, அவரவரே போய்க் கேட்கலாமா என்று. பள்ளி திங்கட்கிழமைதான். நாளை ஞாயிறு.