"ம்" கூட வேண்டாம்

ஜூன் 3, செவ்வாய்

காலை வகுப்பில் "முழங்காலை மடக்காதே" என்று கத்தப் போனேன். வந்தது காக்கைக் குரல், அதுவும் பாதியில் நின்றுவிட்டது. பலகையைப் பிடித்து மிதந்துகொண்டிருந்த குட்டிகள் எல்லாம் கெக்கெக்கென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சத்தம் வரவில்லை.

மதியம் தொண்டை மருத்துவரிடம் போனேன். மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டுக் குரல்நாண்களைத் திரையில் காட்டினார். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன முடிச்சுகள். கூரை போட்ட நீச்சல் குளத்தில் எதிரொலியோடு போட்டி போட்டு வருடக்கணக்காகக் கத்தியதற்குக் கிடைத்த பரிசு. இரண்டு வாரம் வாயைத் திறக்கக் கூடாதாம். "கிசுகிசுன்னும் பேசாதீங்க, அது இன்னும் மோசம். போன்ல 'ம்' கூடப் போடாதீங்க. சரியாகலைன்னா ஆபரேஷன்தான்" என்றார்.

மேனேஜரிடம் சீட்டைக் காட்டினேன். "கத்தாத கோச்சை வச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ஜூலையில் புது வகுப்புகள் தொடங்கும்போது குரல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றார்.

ஏழு மணிக்கு அக்கா போன் செய்தாள். எடுத்தேன். எடுக்காமல் எப்படி?

ஜூன் 4, புதன்

"ம்" ஒரு பேச்சா? வாயே திறப்பதில்லை. மூக்கால் போடுவதையும் கணக்கில் சேர்த்தால் மனுஷி எப்படிப் பிழைப்பது?

ஜூன் 6, வெள்ளி

வீட்டில் எல்லாவற்றுக்கும் மகளின் பழைய சிலேட்டுதான். "கல்யாணமான நாள்லேர்ந்து நான் கேட்ட வரம் இப்பத்தான் கிடைச்சிருக்கு" என்கிறார் அவர். மகள் அவரை மிஞ்சிவிட்டாள். "அம்மா, நீ எழுதுறதுகூடத் திட்டுற மாதிரியே இருக்கு."

குளத்தில் பரவாயில்லை. கையை நீட்டினால் நீட்டுகிறார்கள், காலைக் காட்டினால் உதைக்கிறார்கள். கத்தியபோது அரைக் காதில் வாங்கியவர்கள் இப்போது என் முகத்தையே பார்க்கிறார்கள்.

எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. வாயை மூடியதும் மண்டைக்குள் சந்தை கூடிவிட்டது. மேனேஜர் சிரிப்பை நிறுத்திய விதம், மகளின் பரீட்சை, அக்கா நேற்றுச் சொன்னது, முந்தாநாள் சொன்னது. உட்கார முடியவில்லை. அலமாரியை எல்லாம் கொட்டித் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்த அலமாரிதான்.

ஜூன் 9, திங்கள்

ஆவி பிடிக்கச் சொன்னார் மருத்துவர். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், தோளும் கழுத்தும் கல்லாக இருக்கிறது, உடம்பைத் தளர்த்த வேண்டும். "உங்களுக்கு என்னங்க கவலை, தினமும் நீந்துறவங்கதானே!" தலையை ஆட்டி வைத்தேன்.

நான் நீந்தியே எவ்வளவு காலமாயிற்று! தண்ணீர் குடித்துவிட்ட பிள்ளையைத் தூக்க இறங்குவது நீச்சலில் சேராது. நாள் முழுக்கக் கரையில் நின்று பிறரை நீந்த வைக்கிறேன். என் நீச்சல் உடை பையின் அடியில் கிடந்து ரப்பர் வாடை அடிக்கிறது.

நேரமே இல்லை என்று சொல்லவும் வழியில்லை. கடைசி வகுப்பு ஏழு மணிக்கு முடியும். எட்டு மணிக்குக் குளத்தைப் பூட்டுவார்கள். நடுவில் உள்ள அந்த ஒரு மணி நேரம் குளம் காலி. மீசை என்று நாங்கள் கூப்பிடும் காவலர் மட்டும் இருப்பார், யாராவது மூழ்கினால் தூக்குவதற்கு. கோச்சுகள் நீந்தலாம். அந்த நேரத்தில் நான் தண்ணீரில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு அக்காவுக்கு "ம்" போடுகிறேன். அத்தான் இறந்ததிலிருந்து இப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரி, மூட்டு வலி, போன் செய்யாத மகன், மறுபடியும் பக்கத்து வீட்டுக்காரி.

ஜூன் 11, புதன்

இன்று உடையை மாற்றிக்கொண்டு இறங்கியே விட்டேன். பாதிக் குளம்கூடப் போகவில்லை, பெஞ்சில் போன் உறுமத் தொடங்கியது. விடு என்றேன் எனக்கே. விடவில்லை. சொட்டச் சொட்ட ஏறி எடுத்தேன்.

"என்னடி, மூச்சு வாங்குது?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் மூட்டு வலிக்குப் போய்விட்டாள். குளிரில் பல் கிட்ட "ம்" போட்டுக்கொண்டு நின்றேன்.

ஏன் எடுக்கிறேன்? அத்தான் போன புதிதில் ஒருநாள் சொன்னாள். "நீ மட்டும் இல்லேன்னா நான் இருக்கவே மாட்டேன்." அந்த வார்த்தை என் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. எடுக்காத ஒருநாளில் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

ஜூன் 13, வெள்ளி

தலைவலி. இரண்டு மணி நேரம் ஆவி பிடித்தாலும் தீராது போலிருக்கிறது. எழுதவும் எரிச்சலாக இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

முடிச்சு அப்படியே இருக்கிறது. மருத்துவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பேசுறீங்க." இல்லை என்று தலையாட்டினேன். "அப்போ 'ம்' போடுறீங்க." சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன், திருட்டுப் பூனை மாதிரி.

ஜூலை கடைசியில் ஆபரேஷன் என்று குறித்துவிட்டார். அதற்குள் தேறினால் வேண்டாமாம். ஆபரேஷன் என்றால் அதற்குப் பிறகும் பேசக் கூடாத வாரங்கள் உண்டு. அதுவரை மேனேஜர் காத்திருப்பாரா? எனக்குத் தெரிந்த ஒரே வேலை இதுதான்.

வீட்டில் சண்டை. அவர் வாயால், நான் சாக்பீஸால். "உங்க அக்காகிட்ட நானே சொல்லிடுறேன்" என்று போனை எடுத்தார். பிடுங்கினேன். "அப்போ நீயே சொல்லு. உனக்குத் தொண்டை கிழிஞ்சாலும் அவங்க கதை முடியாது" என்றார். கோபத்தில் எழுதி எழுதி சாக்பீஸ் உடைந்துவிட்டது.

ஜூன் 18, புதன்

அனுப்பிவிட்டேன். "அக்கா, எனக்குத் தொண்டையில் முடிச்சு. 'ம்' கூடப் போடக் கூடாது. கொஞ்ச நாள் போன் வேண்டாம்." எழுதி, அழித்து, காலை முழுக்க இதே வேலை.

படித்திருக்கிறாள். பதில் இல்லை.

ஏழு மணிக்குப் போன் வரவில்லை. குளம் காலி, உடை கையில், ஒரு மணி நேரம் முழுசாக எனக்கு. நான் பெஞ்சில் உட்கார்ந்து போனையே வெறித்துக்கொண்டிருந்தேன். "என்ன மேடம், இறங்கலையா?" என்றார் மீசை. அவர் விளக்கை அணைக்கும்வரை அப்படியே இருந்தேன்.

ஜூன் 19, வியாழன்

இன்றும் இல்லை. ஒரு வாய் சோறு இறங்கவில்லை. அக்கா மகனுக்கு மெசேஜ் போட்டேன். அவன் பதில்: "அம்மா நல்லாதான் இருக்காங்க சித்தி. காலைல பேசினேன். ஏன்?"

நல்லா இருக்காளாம்! நான் இங்க செத்துப் பொழைக்கிறேன், அவ நல்லா இருக்காளாம். மகன் போனே பண்றதில்லைன்னு எங்கிட்ட அழுதாளே, காலைல பேசியிருக்கான்! இதுக்கா நான் தொண்டையைக் குடுத்தேன்? — சீ, நல்லா இருக்கிறாள் என்று கேட்டுக் கோபப்படுகிறேனே. நான் என்ன பிறவி?

ஜூன் 22, ஞாயிறு

கதவைத் திறந்தால் அக்கா நிற்கிறாள். கையில் பை, முகம் கடுகடு. "உள்ள வரலாமா, இல்ல அதையும் மெசேஜ்லதான் கேக்கணுமா?"

அவர் மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு நழுவிவிட்டார்.

"உனக்கு உடம்பு சரியில்லைன்னு ரெண்டு வாரம் கழிச்சுதான் எனக்குத் தெரியணுமா?" என்று ஆரம்பித்தாள். சிலேட்டை எடுத்து "நீ கேட்கவில்லை" என்று எழுதினேன். அழிக்கவில்லை.

சிலேட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "ஆமா, கேக்கல. நீ மட்டும் கேட்டியா? ஒருநாள் எங்க வீட்டு மொட்டைமாடில யானை ஏறிடுச்சுன்னு சொன்னேன். 'ம்'ன்னே. அப்பவே எனக்குத் தெரியும்டி. வீட்ல ஒரு சத்தம் இருந்தாப் போதும்னு நானும் பேசிட்டே இருந்தேன்."

யானையா? எப்போது? எனக்குச் சுத்தமாக நினைவில்லை.

மற்றதையும் எழுதினேன். "நான் இல்லையென்றால் இருக்க மாட்டேன் என்றாய்." அவள் புருவத்தைச் சுருக்கினாள். "எப்போ? உங்க அத்தான் போன புதுசுலயா? அப்போ நான் என்னென்னவோ உளறியிருப்பேன். அதையா இத்தனை நாள் தூக்கிட்டுத் திரிஞ்சே?"

அவளுக்கு ஞாபகமே இல்லை. ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றிருந்தது. அதற்குள் அழுகை வந்துவிட்டது, சத்தமில்லாத அழுகை, பார்க்கவே அசிங்கமாக இருந்திருக்கும். அக்காவும் அழுதாள், அவள் சத்தமாக. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு வெந்நீர் போடப் போனாள். எங்கள் பாத்திரங்கள் எதுவும் சரியில்லை என்று அங்கிருந்து திட்டினாள்.

ஜூன் 23, திங்கள்

அக்காவும் குளத்துக்கு வந்தாள். "நீ நீந்துறதைப் பாத்து எவ்வளவு நாளாச்சு, இறங்கு" என்றாள். இறங்கினேன். தோள் வரமாட்டேன் என்றது. மூச்சை எங்கே வாங்குவது என்றே தெரியாமல் நாலு வாய் குடித்தேன். என்னிடம் படிக்கும் குட்டிகள் பார்க்காதது நல்லதாயிற்று. கோபமாக உதைத்தேன், யார் மேல் என்று தெரியவில்லை. திரும்பி வரும்போதுதான் உடம்பு கொஞ்சம் சொன்னபடி கேட்டது.

கரையேறினால் அக்கா மீசையிடம் மூட்டு வலியைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வழியில் சொன்னாள்: "நல்ல மனுஷன்டி. குறுக்குக் கேள்வியெல்லாம் கேக்குறார்."

ஜூலை 1, செவ்வாய்

அக்கா ஊர் போய்ச் சேர்ந்த மறுநாளே போன் செய்யத் தொடங்கிவிட்டாள். கை தானாகப் போகிறதாம், மெசேஜில் சொல்கிறாள். நான் எடுப்பதில்லை. ஆனால் தண்ணீருக்குள் இருக்கும்போதும் மணி அடிப்பது போலவே இருக்கிறது. அடிக்காத நாளிலும் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். எப்போதுதான் இது போகும்?

ஜூலை 5, சனி

இன்று ஏறிப் பார்க்கவில்லை. இரண்டு முறை நினைத்தேன்.

ஜூலை 11, வெள்ளி

ஒரு முடிச்சு கரைந்துவிட்டது, மற்றது சுருங்கிவிட்டது. ஆபரேஷன் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம், கத்துவது மட்டும் இனி எப்போதும் கிடையாது. புது வகுப்பு திங்கட்கிழமை என்னுடையதுதான். சட்டையில் மாட்டும் மைக் ஒன்றை மேனேஜரே வாங்கி வைத்திருக்கிறார்.

ஏழு மணிக்கு உடை மாற்றிக் கரையில் நிற்கும்போது போன் வந்தது. இன்று எடுத்தேன். என் குரல் எனக்கே புதிதாக, தடிப்பாக இருந்தது.

"அக்கா, இப்போ பேச முடியாது. இது நான் நீந்துற நேரம். ஞாயித்துக்கிழமை நானே கூப்பிடுறேன்."

வாழ்க்கையில் அவளிடம் இப்படிப் பேசியதில்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்துவிட்டேன்.

"ஏன்டி, அந்நேரத்துல தண்ணி ஜில்லுன்னு இருக்காதா?" என்றாள்.

"இருக்கும்."

"அப்போ நின்னு பேசிட்டிருக்காதே, இறங்கு" என்றாள். குரல் இருந்த காலத்தில் நான்தான் ஏதாவது சாக்குச் சொல்லிப் போனை வைப்பேன். இன்று அவளே வைத்துவிட்டாள்.